சோங்சிங் மலைநகரில் வழிகாட்டியோடு ஒரு நாள் நடை: அனுபவமும் சில கேள்விகளும்

#1 கயல் (சிங்கப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு சீனாவின் சோங்சிங் நகருக்குப் போய் வந்தேன். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாள் முழுக்க உள்ளூர் வழிகாட்டிப் பெண் ஒருவரோடு நடந்தோம். காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை, எங்களையும் சேர்த்து ஆறு பேர். மற்ற நான்கு நாட்களும் மறந்துபோனாலும் அந்த ஒரு நாள் மறக்காது. போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. யாங்சி நதியும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே திமிங்கிலத்தின் முதுகு போல ஒரு மலை நீண்டு கிடக்கிறது. அதுதான் பழைய நகரம், யூட்சோங் தீபகற்பம். முதுகின் மேல் இருப்பதை மேல்நகரம் என்றும், ஆற்றோரம் இருப்பதைக் கீழ்நகரம் என்றும் சொல்கிறார்கள். ஆறுகள் கூடும் சாவ்தியன்மென் துறைக்கும் மலையின் உச்சிக்கும் ஏறக்குறைய 200 மீட்டர் உயர வித்தியாசம். நடுவில் இருப்பதெல்லாம் படிகள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தரை என்றால் கீழ்த்தளம், அதற்கு மேல் மாடிகள். இந்தக் கணக்கை வழிகாட்டி முதல் அரை மணி நேரத்திலேயே உடைத்துவிட்டார். குய்ஷிங்லோ என்ற இடத்தில் ஒரு சதுக்கம். கடைகள், மரங்கள், உட்கார்ந்து பேசும் முதியவர்கள், எல்லாம் சாதாரணத் தரை போலத்தான் இருந்தன. ஓரத்தில் ஒரு சிறிய பாலம். "எட்டிப் பாருங்கள்" என்றார். பார்த்தால் கீழே இருபது மாடி ஆழத்தில் இன்னொரு தெருவும் அதில் ஊர்ந்து போகும் வண்டிகளும். அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் நாம் இவ்வளவு நேரம் மொட்டை மாடியிலா நின்றிருந்தோம்?" என்று கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டு, "கீழே இருப்பவர்களுக்கு இது மொட்டை மாடி. இங்கே குடியிருப்பவர்களுக்கு இதுதான் தெரு" என்றார்.

அங்கிருந்து மலைநகர நடைபாதைக்குப் போனோம். பாறைச் சரிவை ஒட்டி, ஒரு பக்கம் பழைய கல்சுவரும் மறுபக்கம் யாங்சியும் இருக்க, வளைந்து வளைந்து போகும் பாதை. காலையில் ஆற்றின் மேல் மூடுபனி. எதிர்க்கரைக் கட்டடங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. சுவர்களின் கல் இடுக்கிலிருந்து ஆலமரத்தின் உறவான ஒரு மரம் வேர்களை வழியவிட்டு நிற்கிறது. ஹுவாங்கெ மரம் என்கிறார்கள். நகரத்தின் சின்னமும் அதுதான். அதை எந்த மாதத்தில் நட்டார்களோ அந்த மாதத்தில்தான் இலை உதிர்க்குமாம், ஊரில் அப்படி ஒரு பேச்சு. நாங்கள் பார்த்தபோது ஒரு மரம் மொட்டையாகவும் பக்கத்து மரம் முழுப் பச்சையாகவும் நின்றன.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். ஒரு படிக்கட்டின் திருப்பத்தில் வயதான மனிதர் ஒருவர் மூங்கில் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள். இவர்களை பாங்பாங் என்று அழைக்கிறார்கள். பாங்பாங் என்றால் தடி. வண்டி ஏற முடியாத இந்த ஊரில் துறையிலிருந்து மேல்நகரம் வரை எல்லாவற்றையும் காவுதடியில் கட்டித் தோளில் ஏற்றியவர்கள் இவர்கள்தாம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பிழைக்க வந்த உழவர்கள் பெரும்பாலும். 1990களில் லட்சக்கணக்கில் இருந்தவர்கள் இன்று மிகக் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களும் முதியவர்கள்.

என் அப்பா இளவயதில் சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கியவர். 1983இல் தொங்கான்களை ஆற்றிலிருந்து அகற்றும் வரை அதுதான் அவர் வேலை. அவர் அந்த மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார். அவர் தன் சட்டையை விலக்கி, தோளில் எலும்பு போலக் காய்த்திருந்த மேட்டைக் காட்டினார். ஒரு சொல் கூடப் பொதுவில் இல்லாத இருவரும் அப்படியே சற்று நேரம் இருந்தார்கள். நான் கைப்பேசியை எடுத்தேன். வழிகாட்டி என் கையை மெல்லத் தாழ்த்தினார். அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவள்.

பிறகு ஷிபாதி. பதினெட்டுப் படி என்று பொருள். அழகர்கோயில் பதினெட்டாம்படியார் நினைவு வராமல் இருக்குமா? ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான படிகள் இருக்கின்றன. அதன் அருகே ஒரு சுரங்கத்தின் வாய். வழிகாட்டி குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். கூட்டத்தின் இரைச்சலில் 1941 என்பது மட்டும் காதில் விழுந்தது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அதன்பின் காய்ஷுவான் சாலை மின்தூக்கி. 1986இல் இருந்து மேல்நகரத்தையும் கீழ்நகரத்தையும் இணைக்கும் பொது மின்தூக்கி இது; கட்டணம் ஒரு யுவான். காய்கறிப் பையோடு வரும் பாட்டிகளோடு நின்று இறங்கினோம். கடைசியாக பாய்ஷியாங்ஜூ என்ற பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. 24 மாடி, மின்தூக்கியே கிடையாது. முதல் மாடி, பத்தாம் மாடி, பதினைந்தாம் மாடி என்று மூன்று உயரங்களில் மூன்று வாசல், மூன்றும் வெவ்வேறு தெருக்களில் திறக்கின்றன. அதன் நடைவழியில் நின்று யாங்சிக்கு மேலே போகும் கேபிள் காரைப் பார்த்தோம். பிறகு நாங்களும் அதில் ஏறித் தென்கரை சேர்ந்தோம்.

நடந்தது ஆறு கிலோமீட்டருக்குள். ஆனால் பெரும்பாலும் இறக்கம் என்பதால் முதியவர்களுக்கும் ஏற்றது என்று நினைக்கிறேன்.

#2 ஈப்போ வாசகன் (மலேசியா)

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. அப்பாவைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் தேவைதானா? நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நடைப்பயணத்தில் சேர்ந்து ஏமாந்தேன். முப்பது பேர், ஆளுக்கொரு காதுக்கருவி, முன்னால் கொடி. ஹோங்யாதோங், ஜியேஃபாங்பெய் கடைத்தெரு, லிட்சிபா ரயில் நிலையம் என்று படம் எடுக்கும் இடங்களிலேயே நிறுத்தினார்கள். லிட்சிபாவில் மட்டும் முக்கால் மணி நேரம், கட்டடத்துக்குள் ரயில் நுழைவதை எல்லாரும் படம் எடுத்து முடிக்கும் வரை. மறுநாள் நானே வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்தேன், அதைவிட நிறையப் பார்த்தேன். கைப்பேசி இருக்கும்போது தனியாக நடப்பதுதான் சுதந்திரம் என்பது என் எண்ணம்.

#3 கயல் (சிங்கப்பூர்)

முப்பது பேர் கொடியின் பின்னால் போவதை நானும் பார்த்தேன் அண்ணா. அதற்குப் பணம் கொடுக்க எனக்கும் மனம் வராது. ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி மூன்றாம் நாள் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். சேர வேண்டிய உணவகம் 40 மீட்டர் தூரத்தில் என்று காட்டியது. உண்மைதான், நேர் கீழே 40 மீட்டர். வரைபடம் மேலிருந்து பார்க்கிறது. அதற்கு எல்லாத் தெருவும் ஒரே தாளில் கிடக்கின்றன. எந்தப் படி எந்தத் தெருவில் முடியும், எந்த வாசல் பூட்டியிருக்கும், எங்கே ஒரு யுவானுக்கு மின்தூக்கி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே நடந்து பழகிய காலுக்குத்தான் தெரியும். அப்பாவை வைத்துக்கொண்டு தவறான படிக்கட்டில் நூறு படி இறங்கினால், நூறு படி திரும்ப ஏற வேண்டும். வழிகாட்டிக்கு நான் கொடுத்த கூலி அந்த அறிவுக்குத்தான்.

#4 மூட்டு இயன்மருத்துவர் (திருச்சி)

கயல் அம்மா, கடைசி வரியில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். இறக்கம் முதியவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலுக்கு இது நேர்மாறு. ஏறும்போது மூச்சு வாங்கும், இதயம் வேலை செய்யும். இறங்கும்போதோ உடலின் எடையைத் தொடைத்தசை நீண்டபடியே தாங்கிப் பிடிக்க வேண்டும். முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் என்னிடம் வந்து முதலில் சொல்வதே "ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை" என்பதுதான்.

இந்த ஊருக்கு முதியவர்களோடு போகிறவர்கள் வழியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்துக்கு மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, ரயில் எது கிடைத்தாலும் பயன்படுத்துங்கள். ஏற்றத்தை மெதுவாக, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று நடங்கள். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது, அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரப்பர் முனை போட்ட கைத்தடி ஒன்று போதும். மழை பெய்து பாசி பிடித்த கல்படியில் விலை உயர்ந்த ஓட்டக் காலணியும் வழுக்கும். அடியில் பிடிப்புள்ள சாதாரணக் காலணி மேல். இறங்கியே ஆகவேண்டிய இடத்தில் வலி உள்ள காலை முதலில் கீழே வையுங்கள், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள்.

தந்தைக்கு மறுநாள் முழங்கால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

#5 கயல் (சிங்கப்பூர்)

உண்மைதான் ஐயா. மறுநாள் காலை அப்பா கட்டிலிலிருந்து எழச் சிரமப்பட்டார். நான் அதை வயதின் களைப்பு என்று நினைத்துவிட்டேன். அன்று லியாங்லுகோவில் உள்ள நீளமான நகரும் படிக்கட்டில் போகலாம் என்று அவரே கேட்டார். 112 மீட்டர் நீளம், 1996இல் இருந்து ஓடுகிறதாம், இரண்டு யுவான். நின்றுகொண்டே இறங்கினோம். இப்போதுதான் புரிகிறது, அவர் வேடிக்கை பார்ப்பதற்காகக் கேட்கவில்லை.

#6 பழைய நாளிதழ் (சென்னை)

கயல், நீங்கள் கேட்ட சுரங்கம் பற்றி.

1937 நவம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது சீன அரசு நான்ஜிங்கை விட்டுத் தலைநகரை சோங்சிங்குக்கு மாற்றியது. 1946 வரை இதுதான் போர்க்காலத் தலைநகரம். பள்ளத்தாக்குகளைக் கடந்து தரைப்படையால் இங்கே வர முடியவில்லை, விமானங்கள் வந்தன. 1938 முதல் 1943 வரை குண்டுவீச்சு. 1939 மே 3, 4 ஆகிய இரண்டே நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய வீடுகள் தீக்குண்டில் தெருத்தெருவாக எரிந்தன. நீங்கள் ஆற்றின் மேல் பார்த்த அந்த மூடுபனி அன்று மக்களைக் காத்தது. குளிர்காலம் முழுக்கப் பனி மூடியிருக்கும், விமானிகளுக்கு நகரம் தெரியாது. பனி விலகும் மே மாதம் வந்தால்தான் அச்சம்.

ஊரின் அடியில் பாறையைக் குடைந்து பதுங்கிடங்கள் அமைத்தார்கள். 1941 ஜூன் 5 மாலை தொடங்கிய தாக்குதல் இரவு வரை நீண்டது. ஷிபாதி பக்கத்துப் பெருஞ்சுரங்கத்தில் கொள்ளளவுக்கு மேல் மக்கள் நெருக்கியடித்து அடைந்திருந்தார்கள். காற்றோட்டம் போதவில்லை. குண்டு ஒன்றும் உள்ளே விழவில்லை. மூச்சுத்திணறியும் மிதிபட்டுமே பெருந்திரளான மக்கள் மடிந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். எண்ணிக்கை பற்றி இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இப்போதும் ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று நகரத்தில் அபாயச் சங்கை ஒலிக்கிறார்கள். உங்கள் வழிகாட்டி குரலைத் தாழ்த்தியது அதனால்தான்.

நமக்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. 1939 ஆகஸ்டில் நேரு இந்த நகரத்துக்கு வந்தார். வந்த இடத்தில் விமானத் தாக்குதலையும் நேரில் கண்டார். ஐரோப்பாவில் போர் மூண்டதால் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அதற்கு முன்பே, போரில் காயமுற்ற சீனர்களுக்கு உதவ வந்த, மருத்துவர் கோட்னிஸ் இடம்பெற்ற இந்திய மருத்துவக் குழு இவ்வழியாகத்தான் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனான் போனது.

ஜியேஃபாங்பெய் கடைத்தெருவின் நடுவில் நிற்கும் மணிக்கூண்டையும் கவனித்துப் பாருங்கள். போருக்குப் பின் வெற்றியின் நினைவாக எழுப்பியது. 1950இல் விடுதலை நினைவுச்சின்னம் என்று பெயரை மாற்றினார்கள். அதைச் சுற்றிக் கைக்கடிகாரக் கடைகள். ஒரு நல்ல வழிகாட்டி அங்கே ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

#7 செங்கல்லும் சுண்ணாம்பும் (மதுரை)

கட்டடக்கலைஞன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

லிட்சிபாவில் ரயில் கட்டடத்தைத் துளைத்துப் போகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எதையும் துளைக்கவில்லை. நகர ரயிலின் இரண்டாம் தடம் திட்டமிடப்பட்டபோது, அதே இடத்தில் 19 மாடிக் கட்டடமும் வரவிருந்தது. இரண்டையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். நிலையம் ஆறு முதல் எட்டாம் மாடி வரை. ரயிலைத் தாங்கும் தூண்களும் கட்டடத்தைத் தாங்கும் தூண்களும் தனித்தனி, ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால்தான் அதிர்வு வீடுகளுக்குப் போவதில்லை. ரப்பர் சக்கரம் கொண்ட மோனோரயில் என்பதால் ஓசையும் குறைவு. படம் எடுப்பவர்கள் முக்கால் மணி நேரம் நிற்கட்டும். அதில் ஒரு நிமிடம் அந்தத் தூண்களைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது ஷிபாதி. இதில் எனக்கு வருத்தம் அதிகம். கயல் பார்த்தது 2021 செப்டம்பர் இறுதியில் திறந்த புதிய ஷிபாதி. பழைய குடியிருப்பை ஏறக்குறைய முழுவதும் அகற்றிவிட்டு, பழமை போலத் தோன்றும்படி திரும்பக் கட்டியது. படிகளின் போக்கு பழையது, சில சுவர்களும் மரங்களும் பழையவை. வீடுகள் கடைகளாகிவிட்டன. வாழ்ந்தவர்கள் ஊரின் ஓரங்களுக்குப் போய்விட்டார்கள். ஹோங்யாதோங்கும் இப்படித்தான்: பாறையோரத்தில் கால் நட்டு நிற்கும் பழைய மரவீடுகளின் சாயலில், 11 மாடியில், 2006இல் திறந்த வணிக வளாகம். இரவில் விளக்கு எரியும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வழிகாட்டி இவற்றைப் பழைய நகரம் என்று சொல்லிக் காட்டினால் அது தவறு. பழைய மதிலைப் பார்க்க வேண்டுமென்றால் தோங்யுவான்மென் வாயிலுக்குப் போங்கள். மிங் காலத்து மதிலில் 17 வாயில்கள் இருந்தன. இன்று எஞ்சியவற்றில் அது ஒன்று.

#8 முன்னாள் மருத்துவ மாணவன் (நாகர்கோவில்)

இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. 2012 முதல் சோங்சிங்கில் மருத்துவம் படித்தேன், ஐந்தாண்டுக்கு மேல் அங்கே இருந்தேன். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும், மூன்றாவதுதான் முக்கியம்.

மதுரை அண்ணனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் படித்த காலத்தில் ஷிபாதியில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஞாயிறுதோறும் அங்கே போவேன். தெருவோர முடிதிருத்துபவர், காது குடைபவர், மூங்கில் நாற்காலியில் தேநீர்க்கடை. ஆனால் நான் பழகிய ஒரு பாட்டியின் வீட்டில் கழிவறை கிடையாது. இரவில் குளிரில் நாற்பது படி இறங்கிப் பொதுக்கழிவறைக்குப் போவார். மழைக்காலத்தில் சுவர் ஊறும். புது வீட்டுச் சாவி வந்த அன்று அவர் அழுதார், அதில் மகிழ்ச்சிதான் அதிகம். பார்க்க வருபவர்களுக்கு அழகாக இருந்த வீட்டில் அவர் எழுபது வயது வரை இருந்துவிட்டார். இடித்த முறை சரியா என்பது வேறு கேள்வி; அவர் அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது வழி கேட்பது. இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் கிழக்கு, மேற்கு என்று சொல்ல மாட்டார்கள். "மேலே போ, இடது பக்கம் இறங்கு, மறுபடி மேலே" என்பார்கள். ஆறு வளைகிறது, மலை வளைகிறது, திசை எங்கே நிற்கும்? முதல் ஆண்டு முழுக்க வழி தவறினேன். சைக்கிளையும் அரிதாகத்தான் பார்த்தேன்.

மூன்றாவது. கயல் அக்கா, வருத்தப்பட வேண்டாம், பாய்ஷியாங்ஜூ நடைவழியில் நின்று கேபிள் காரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது மக்கள் குடியிருக்கும் வீடு. நீங்கள் நின்ற இடம் யாரோ ஒருவரின் சமையலறைச் சன்னலின் முன். பதினைந்தாம் மாடி வாசலில் நுழைந்தாலும் 24ஆம் மாடிக்காரர் ஒன்பது மாடி ஏறித்தான் வீடு சேர்கிறார். அரிசி மூட்டையோடு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் படம் எடுப்பவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? என் வகுப்புத் தோழியின் உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள். பகலில் கதவைத் திறந்து வைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்களாம். சுமை தூக்கும் பெரியவரைப் படம் எடுக்கவேண்டாம் என்று உங்கள் கையைத் தாழ்த்திய அதே வழிகாட்டி உங்களை அங்கே அழைத்துப் போனது எனக்கு வியப்பாக இருக்கிறது.

#9 கயல் (சிங்கப்பூர்)

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது சரி. எங்கள் புளோக்கின் நடைவழியில் ஆறு அந்நியர்கள் வந்து நின்று எங்கள் சன்னலுக்கு மேலே கைப்பேசியை நீட்டினால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். நகரமன்றத்துக்குப் புகார் போயிருக்கும். அங்கே நின்றபோது ஒரு பெண் துணி உலர்த்த வெளியே வந்தார்; எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அது நினைவில் இருந்தும் நான் முதல் பதிவில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். குறை சொல்வது போல இல்லாமல், அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

#10 சைவச் சமையல் (யாழ்ப்பாணம்)

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நாங்கள் சைவ உணவுக்காரர். அங்கே நாள் முழுக்க நடந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி?

#11 முன்னாள் மருத்துவ மாணவன் (நாகர்கோவில்)

உண்மையைச் சொன்னால் கடினம் அக்கா. ஊரின் பெயர் பெற்ற கொதிசட்டி உணவின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு. துறையில் வேலை செய்தவர்களும் படகுக்காரர்களும் மலிவாகக் கிடைத்த குடலையும் இரைப்பையையும் மிளகாயோடு கொதிக்க வைத்துச் சாப்பிட்டதிலிருந்து வளர்ந்த சமையல் அது. ஒன்பது கட்டமாகத் தடுத்த சட்டியும் அப்படித்தான் வந்தது என்பார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கட்டத்தில் வேகவைத்துக்கொள்வார்கள். இரைப்பைத் துண்டை ஏழு முறை தூக்கி எட்டு முறை அமிழ்த்தி எடுக்க வேண்டும் என்று கணக்கு கூட உண்டு. காரத்தை நாம் தாங்குவோம். சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்வதுதான் நமக்குப் புதிது.

காலையில் எல்லாரும் சாப்பிடும் சியாவ்மியன் நூடுல்ஸ் பார்க்கச் சைவம் போல இருக்கும், ஆனால் பன்றிக்கொழுப்பு ஒரு கரண்டி விழும். இறைச்சி, கொழுப்பு, எலும்புச்சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பழக்கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நான் பல நாட்களை ஆரஞ்சுப் பழத்தில் ஓட்டியிருக்கிறேன், அந்த வட்டாரத்து ஆரஞ்சு அவ்வளவு இனிப்பு.

#12 பழைய நாளிதழ் (சென்னை)

பருவத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜூலை, ஆகஸ்டில் நடக்கப் போகாதீர்கள். சீனாவின் உலைக்களங்கள் என்று சொல்லும் நகரங்களில் இதுவும் ஒன்று. 2022 ஆகஸ்டில் சோங்சிங்கின் பெய்பெய் பகுதியில் 45 பாகை செல்சியஸ் பதிவானது. அந்தக் கோடையில் போர்க்காலப் பதுங்கிடங்களைக் குளிர்ந்த தங்குமிடங்களாக மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மே முதல் நாளை ஒட்டிய விடுமுறையும் அக்டோபர் முதல் வாரமும் கூடாது. ஹோங்யாதோங்கைப் பார்க்க வரும் கூட்டத்துக்காக சியான்சிமென் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி, பாலத்தையே நடப்பவர்களுக்கு விட்டுவிடும் அளவுக்கு நெரிசல். மார்ச் இறுதி, ஏப்ரல், நவம்பர் நல்லவை.

ஆற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. யாங்சியின் கீழ்ப்போக்கில் உள்ள மூன்று பள்ளத்தாக்கு அணையால் இங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும் பருவம் தலைகீழாகிவிட்டது. குளிர்காலத்தில் நீரைத் தேக்குவதால் படித்துறையில் தண்ணீர் உயர்ந்து நிற்கும். கோடைக்கு முன் திறந்துவிடுவதால் கீழ்ப்படிகள் வெளியே தெரியும். பெருவெள்ளம் வந்தால் வேறு கதை. 2020 ஆகஸ்டில் ஹோங்யாதோங்கின் கீழ்த்தளமே நீரில் மூழ்கியது.

#13 கயல் (சிங்கப்பூர்)

வழிகாட்டியிடமிருந்து பதில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்புச் செயலி வழியாகப் படித்ததன் சாரத்தை எழுதுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் இணையத்தில் பார்த்த பாய்ஷியாங்ஜூ படத்தைக் காட்டி அங்கே போக வேண்டும் என்று கேட்கிறார்களாம். மறுத்தால் நடையையே ரத்து செய்துவிடுகிறார்களாம். அந்தப் பெண் உள்ளே போனதை அவரும் பார்த்தாராம். இனி பத்தாம் மாடி வாசல் திறக்கும் தெருவில் நின்று, கட்டடத்தின் அமைப்பை வெளியிலிருந்தே விளக்குவதாகவும், கேபிள் கார் தெரியும் வேறொரு பொதுப் படிக்கட்டுக்கு அழைத்துப் போவதாகவும் எழுதியிருக்கிறார். போகிறவர்கள் பதிவு செய்யும்போதே, "குடியிருப்புக்குள் போக வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். கேட்பவர்கள் நாம்தானே; நாம் கேட்காமல் இருந்தால் அவருக்கும் எளிது.

மருத்துவர் ஐயா சொன்னதையும் அவருக்கு எழுதினேன். முதியவர்களுக்கு நடையைத் தென்கரையிலிருந்து தொடங்கி, கேபிள் காரில் வந்து, ஏற்றமாக முடிக்கலாமா என்று யோசிக்கிறாராம். கேபிள் கார் ஒரு வழிக்கு 20 யுவான். காலையில் வரிசையும் குறைவு.

அப்பாவிடம் அந்தப் பெரியவரைப் பற்றி நேற்று பேசினேன். அவருடைய காய்ப்பு இடது தோளில் இருந்ததாம், தன்னுடையது வலது தோளில். "அவர் வலது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறியிருப்பார், எங்களுக்குப் படகுப் பலகையில் பிடிக்க ஒன்றும் இருக்காது" என்றார். நான் பக்கத்திலேயே நின்றும் எது எந்தத் தோள் என்று கவனிக்கவில்லை.

#14 ஈப்போ வாசகன் (மலேசியா)

சகோதரி, என் கருத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தனியாக நடந்தபோது நிறையப் பார்த்தேன் என்று எழுதினேன். சுரங்கத்தின் வாயைப் பார்த்திருக்கிறேன், அது என்ன என்று தெரியாமலேயே அதன் முன் நின்று இளநீர் குடித்திருக்கிறேன். லிட்சிபாவில் தூண்களைப் பார்க்கவில்லை. பெரிய கூட்டத்தோடு போகக்கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் போக எண்ணியிருக்கிறேன். எங்களுக்கும் உங்களைப் போலவே 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் முடிவு எளிது. உங்கள் வழிகாட்டியின் தொடர்பைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? அம்மாவுக்கு 66 வயது, இடது முழங்கால் சற்று வலிக்கும். இந்த ஞாயிறு பத்துமலையில் 272 படியும் ஏற்றி, மருத்துவர் ஐயா சொன்ன முறையில் இறக்கிப் பார்க்கப்போகிறேன். திங்கட்கிழமை முழங்கால் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.